பார்படாஸ்: ரிசார்ட் வாசலைத் தாண்டினால் என்ன இருக்கிறது?

மார்ச் விடுமுறையில் டொரோண்டோவிலிருந்து பார்படாஸ் போகிறீர்கள். மேற்குக் கரையில் ஹோல்டவுன் பக்கம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏழு இரவுக்கு ரிசார்ட் பதிவு செய்தாயிற்று. ஆறு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள், எழுபது தாண்டிய கிரிக்கெட் பைத்தியம் பிடித்த அப்பா, சைவம் மட்டும் சாப்பிடும் மனைவி. ரிசார்ட்டுக்குள்ளேயே இருந்துவிடலாமா, வெளியே போனால் எதைப் பார்ப்பது, ஓட்டலில் விற்கும் 'தீவுச் சுற்று'க்குப் பணம் கட்டலாமா, அங்கே நம்மவர்கள், கோயில் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை நிமித்தமாக அந்தத் தீவில் சில காலம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏழு நாளில் மூன்று நாளாவது வெளியே போங்கள். உங்கள் ரிசார்ட் இருக்கும் கரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரப் படத்தில் வரும் அந்த அமைதியான நீலக்கடல் தீவின் ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் வேறு நாடு மாதிரி இருக்கும். அதைப் பார்க்க அதிகத் தூரம் போகவும் வேண்டாம். தீவின் நீளமே 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். டொரோண்டோ மாநகரத்துக்குள் மொத்தத் தீவும் அடங்கிவிடும்.

ஏன் இரண்டு பக்கம் என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே எதற்குப் போவது என்பது தானாக விளங்கும். செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் போன்ற பக்கத்துத் தீவுகள் எரிமலையில் பிறந்தவை. பார்படாஸ் அந்த வரிசையில் சேராமல் கிழக்கே தள்ளி, அட்லாண்டிக்கில் தனியாக நிற்கிறது. அட்லாண்டிக் கடலடித் தட்டு கரீபியன் தட்டுக்குக் கீழே நுழையும்போது வழித்துத் தள்ளிய சேறும் மணலும் குவிந்து, அதன்மேல் பவளப்பாறை வளர்ந்து, எல்லாமாகச் சேர்ந்து கடலுக்கு மேலே எழும்பியதுதான் இந்தத் தீவு. நிலத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் பவளச் சுண்ணாம்புக்கல் மூடியது. கிழக்கே ஸ்காட்லாந்து மாவட்டம் என்று அழைக்கப்படும் பகுதியில் மட்டும் அந்த மூடி அரித்துப் போய், அடியில் இருந்த பழைய களிமண்ணும் மணற்கல்லும் வெளியே தெரிகின்றன. மேற்கே கரீபியன் கடல் குளம் மாதிரி கிடக்கும். கிழக்கே ஆப்பிரிக்காவிலிருந்து தடையே இல்லாமல் வரும் அலை நேராக வந்து மோதும். குளிப்பது மேற்கில், பார்ப்பது கிழக்கில். இந்த ஒரு விதியை மட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

முதல் வெளி நாளுக்கு, தீவைக் குறுக்காகக் கடந்து கிழக்கே போவதையே சொல்வேன். நடுவில் செயின்ட் தாமஸ் வட்டாரத்தில் ஹாரிசன்ஸ் குகை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் குடைந்த குகை. உள்ளே மின்சார டிராமில் உட்கார்ந்தபடியே போகலாம் என்பதால் அப்பாவுக்குச் சிரமம் இல்லை. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள், உள்ளேயே ஓடும் ஓடை, அருவி எல்லாம் உண்டு. சுற்றுலாக் கப்பல் துறைமுகத்துக்கு வரும் நாட்களில் இங்கே கூட்டம் நெரியும். அதனால் காலை முதல் டிராமுக்கே போய்விடுங்கள். அப்புறம் இன்னொரு விஷயம்: தீவில் சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. பெய்யும் மழை இந்தப் பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, நிலத்தடியில் தேங்குகிறது. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம் என்பதற்கு அதுதான் காரணம். போத்தல் தண்ணீருக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

குகைக்குப் பக்கத்திலேயே வெல்ச்மன் ஹால் கல்லி. இது கூரை இடிந்து விழுந்த குகை. இப்போது மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு. காலையில் போனால் பச்சைக் குரங்குகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம். இவை இந்தத் தீவின் சொந்தக் குரங்குகள் இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அடிமைக் கப்பல் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவை. விவசாயிகளுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. நாம் காலை உணவில் பார்க்கும் கிரேப்ஃப்ரூட் பழம் பிறந்ததும் இந்தத் தீவில்தான். ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பம்பளிமாஸும் ஆரஞ்சும் தாமாகவே கலந்து 18ஆம் நூற்றாண்டில் உருவான பழம் அது. அது இந்தப் பள்ளத்தாக்கில்தான் முளைத்தது என்று வழிகாட்டிகள் உரிமை கொண்டாடுவார்கள். விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

தோட்டங்களில் ஆர்வம் இருந்தால் வழியில் ஹன்ட்ஸ் தோட்டம். சுண்ணாம்புத் தரை உள்வாங்கிய பெரிய குழிக்குள் அடுக்கடுக்காக அமைத்தது. என்னைக் கேட்டால் தீவின் உள்நாட்டில் இதைவிட அழகான இடம் இல்லை. ஆனால் படிகள் உண்டு. அப்பாவின் முழங்கால் ஒத்துழைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழரசம் குடித்தபடி அவர் காத்திருக்கலாம்.

அங்கிருந்து இறக்கத்தில் பாத்ஷீபா. மரங்கள் விலகி கடல் திடீரென்று தெரியும்போது பின்சீட்டுச் சண்டைகூட நின்றுபோகும். கரையை ஒட்டி, காளான் போல அடி குறுகித் தலை பருத்த பெரிய பவளப் பாறைகள் தண்ணீரில் நிற்கின்றன. மேட்டிலிருந்து பெயர்ந்து விழுந்தவை. அலை அவற்றின் அடியை அரித்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. 'சூப் போல்' என்று அலைச்சறுக்கு வீரர்கள் கொண்டாடும் அலை இங்கேதான் எழுகிறது. பல முறை உலக சாம்பியனான கெல்லி ஸ்லேட்டரே இதைப் பிடித்த அலைகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். நாம் கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. இழுப்பு மிகக் கடுமை. முழங்கால் ஆழத்துக்கு மேல் யாரையும் விடாதீர்கள். கடல் வாங்கியிருக்கும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குட்டைகள் தேங்கும். சின்னவள் அதில் உட்கார்ந்து அளையலாம். மார்ச்சிலிருந்து சில வாரங்கள் இந்தப் பக்கம் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி கரையெங்கும் ஒதுங்கி அழுகல் வாடை வீசுவது உண்டு. அது வருடத்துக்கு வருடம் மாறும். உங்கள் மேற்குக் கரையில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

திரும்பும் வழியில் பத்து நிமிடம் செலவழிக்க முடிந்தால் செயின்ட் ஜான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நில்லுங்கள். செங்குத்து மேட்டின் விளிம்பில் நிற்கும் ஆலயம். கீழே கிழக்குக் கரை முழுக்க விரியும். அங்கே ஃபெர்டினாண்டோ பாலியோலோகஸ் என்றொருவரின் கல்லறை இருக்கிறது. கான்ஸ்டான்டினோபிளை ஆண்ட பைசாந்தியப் பேரரசர்களின் வழித்தோன்றல் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். பேரரசு விழுந்து இரண்டு நூற்றாண்டு கழித்து, அந்தப் பெயர் கொண்ட ஒருவர் இந்தக் கரும்புத் தீவில் நிலம் வைத்து, தேவாலய நிர்வாகத்திலும் இருந்து இறந்திருக்கிறார். பதினொரு வயதுக்காரனுக்கு வரலாறு பிடிக்குமென்றால் இந்த ஒரு கல்லை வைத்தே ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

வடக்கே போவதற்கு இன்னொரு நாள் ஒதுக்கலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு மட்டும். வடமுனையில் அனிமல் ஃபிளவர் குகை: கடல் குடைந்த குகை, உள்ளே சாளரம் போன்ற திறப்பு வழியாக அட்லாண்டிக் தெரியும், பாறைக் குளத்தில் கடல் சாமந்திகள். இறங்கும் படிகள் செங்குத்து. அலை அதிகமாக இருக்கும் நாளில் கீழே விடமாட்டார்கள். மேலே உணவகத்தில் இருந்து பார்த்தாலும் காட்சிக்குக் குறைவில்லை. அங்கிருந்து செயின்ட் நிக்கலஸ் அபி. பெயரில் மடம் இருந்தாலும் அது மடமாக இருந்ததே இல்லை. 1658 வாக்கில் கட்டிய கரும்புத் தோட்ட மாளிகை. இன்றும் கரும்பு பிழிந்து ரம் வடிக்கிறார்கள். சின்ன நீராவி ரயில் ஒன்று தோட்டத்தைச் சுற்றிச் செர்ரி ட்ரீ ஹில் மேடு வரை போகிறது. பிள்ளைகளுக்கு அதுவே போதும். முதல் உரிமையாளர் பெஞ்சமின் பெரிங்கர் மர்மமாக இறந்ததும், அவருடைய விதவையை மணந்துகொண்ட ஜான் யேமன்ஸ் பிற்பாடு அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்கு ஆளுநர் ஆனதும் பெரியவர்களுக்கான கதை.

இந்த மாளிகையைப் பார்த்துவிட்டு வரும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 1640களில் கரும்பு வந்தபின் தீவு முழுவதும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் பணமாகக் கொட்டிய இடம் இது. ஆங்கிலேயர்கள் 1661இல் இங்கே எழுதிய அடிமைச் சட்டம்தான் மற்ற குடியேற்றங்களுக்கும் முன்மாதிரியானது. தெற்கே நியூட்டன் தோட்டத்தில் அடிமைகள் புதைக்கப்பட்ட நிலம் இருக்கிறது. 500க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பார்வைக்கு வெறும் புல்வெளிதான். 1816இல் புஸ்ஸா என்ற அடிமையின் தலைமையில் நடந்த கிளர்ச்சியை நினைவூட்டும் சிலை ஒன்று நெடுஞ்சாலை வட்டச் சந்திப்பில், அறுந்த சங்கிலிகளோடு கைகளை உயர்த்தி நிற்கிறது. காரில் போகும்போதே பார்த்துவிடலாம். சாலையோரம் கல் அடுக்கின்மேல் நிற்கும் குட்டிக் குட்டி மரவீடுகளும் இதே கதையின் மிச்சம். அடிமை விடுதலைக்குப் பிறகும் நிலம் தோட்ட முதலாளியிடமே இருந்தது. வீடு மட்டும் தொழிலாளியுடையது. விரட்டினால் வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்படி கட்டினார்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். அவருக்காகப் பிரிட்ஜ்டவுனில் ஒரு முழு நாள் கொடுங்கள். கென்சிங்டன் ஓவல் என்ற பெயரைக் கேட்டாலே அவருக்கு மூன்று தேதிகள் நினைவுக்கு வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். 1962 மார்ச்: பார்படாஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்தியத் தலைவர் நரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டைப் பிளந்தது. உயிரைக் காப்பாற்ற ரத்தம் கொடுத்தவர்களில் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவர் ஃபிராங்க் வோரலும் ஒருவர். கொல்கத்தாவில் இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 3 அன்று அவர் பெயரில் ரத்ததான முகாம் நடக்கிறது. கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை. 21 வயதுப் பட்டோடி தலைவரானார். அடுத்தது 1997: வெற்றிக்கு 120 ஓட்டம் போதும் என்ற நிலையில் டெண்டுல்கரின் அணி 81க்குச் சுருண்டது. அந்த வயிற்றெரிச்சல் தீர 27 ஆண்டு ஆயிற்று. 2024 ஜூன் 29 அன்று அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை 7 ஓட்டத்தில் வென்று இந்தியா டி20 உலகக் கோப்பையைத் தூக்கியது. எல்லைக்கோட்டில் சூர்யகுமார் மில்லரைப் பிடித்ததும், ரோகித் சர்மா ஆடுகளத்து மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டதும் இங்கேதான். அடுத்த சில நாள் பெரில் புயலால் விமான நிலையம் மூடிக் கிடக்க, கோப்பையோடு அணி ஓட்டலிலேயே அடைபட்டுக் கிடந்தது.

ஆட்டம் இல்லாத நாளில் மைதானத்துக்குள் விடுவார்களா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். விடாவிட்டாலும் வெளியே கார்ஃபீல்ட் சோபர்ஸ் சிலை இருக்கிறது. பக்கத்திலேயே கிரிக்கெட் வீரர்களுக்கான சின்ன அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் உண்மையான கிரிக்கெட் யாத்திரை அங்கே முடியாது. ஊருக்கு வடக்கே கேவ் ஹில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போங்கள். 'மூன்று டபிள்யூக்கள்' என்று புகழ்பெற்ற மேற்கிந்திய மட்டையாளர்கள் வோரல், வீக்ஸ், வால்காட் பெயரில் மைதானம் இருக்கிறது. மூவரும் ஓவலுக்கு அருகே, ஒன்றரை வருட இடைவெளிக்குள் பிறந்தவர்கள். மூவருக்கும் ஒரே மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள் என்று உள்ளூரில் சொல்வார்கள். மூவரும் இப்போது அந்த மைதானத்தைப் பார்த்த மேட்டில் அருகருகே அடக்கம் ஆகியிருக்கிறார்கள். வீக்ஸ் 2020இல்தான் போய்ச் சேர்ந்தார். கூட்டமே இருக்காது. அப்பா எவ்வளவு நேரம் நிற்கிறாரோ நிற்கட்டும்.

நகரத்துக்குள் நடக்க ஒன்றிரண்டு மணி நேரம் போதும். 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரம். நாடாளுமன்றம் 1639இல் தொடங்கியது. காமன்வெல்த்தில் மூன்றாவது பழையது. எதிரே ஹீரோஸ் சதுக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலை 1813 முதல், லண்டனில் அவருக்கு எழுப்பிய தூணுக்கும் முன்பிருந்து, நின்றது. 2020 நவம்பரில் அதைக் கழற்றி வைத்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் நாடு பிரிட்டிஷ் முடியையும் கழற்றிவிட்டுக் குடியரசானது. அன்றே பாடகி ரிஹானா தேசிய வீராங்கனை என்று அறிவிக்கப்பட்டார். அவர் வளர்ந்த தெருவுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கென்சிங்டனுக்குப் பக்கம்தான், பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளலாம். நிதே இஸ்ரேல் யூத ஆலயத்தையும் விட வேண்டாம். 1654இல் பிரேசிலிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்கள் கட்டியது. கரும்பு காய்ச்சும் நுட்பத்தைத் தீவுக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. வளாகத்தில் மண்ணுக்கடியில் புதைந்திருந்த சடங்குக் குளம் 2008இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

இந்த நாளை விடிகாலையில் தொடங்கினால் ஒரு கூடுதல் பலன். நகருக்குத் தெற்கே கார்லைல் விரிகுடாவின் பெபிள்ஸ் கடற்கரைக்கு, சூரியன் எழும் நேரத்தில் கேரிசன் மைதானத்துப் பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்ட ஓட்டிவருவார்கள். குதிரைகள் கழுத்தளவு நீரில் நீந்தும். டிக்கெட் எதுவும் இல்லை. ஆறரைக்கெல்லாம் முடிந்துவிடும். அதன்பிறகு அதே விரிகுடாவில் நீர்மூழ்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மிதந்தால், 1919இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப் படகும் அதைச் சுற்றி மீன்களும் தெரியும். அதிக ஆழம் இல்லை. பெரியவன் நன்றாக நீந்துவான் என்றால், உயிர்காப்புச் சட்டையோடு அழைத்துப் போங்கள். ஆமைகளும் வரும். சுற்றுலாப் படகுக்காரர்கள் மீன் துண்டு போட்டு அவற்றைக் கூட்டிவைத்து, அதன் நடுவில் ஐம்பது பேரை இறக்கிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. காலையில் படகுகள் வருமுன் போனால் தீனி இல்லாமலே ஆமைகள் தென்படும். தொடக் கூடாது, துரத்தக் கூடாது.

கேரிசன் பகுதியில் இன்னொரு சுவாரசியம்: ஜார்ஜ் வாஷிங்டன் 1751இல், 19 வயதில், காசநோய் கண்ட அண்ணனுக்குத் துணையாக வந்து தங்கிய வீடு. அவர் வாழ்நாளில் அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியே போனது இந்த ஒரு முறைதான். இங்கே அவருக்குப் பெரியம்மை வந்து பிழைத்தார். பின்னாளில் அவருடைய படையையே பெரியம்மை தின்றபோது அவருக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை.

சாப்பாடு. வெள்ளிக்கிழமை இரவு ஆயிஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போகாமல் பார்படாஸிலிருந்து திரும்பக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். மீன்பிடி ஊரின் சந்தைத் திடலில் வரிசையாகக் கடைகள், புகை, பாட்டு, ஆட்டம். மார்லினும் கொப்பரனும் சுட்டுத் தருவார்கள். பலகையில் 'டால்ஃபின்' என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் பதற வேண்டாம். அது மாஹி மாஹி என்ற மீன். ஏழு மணிக்குமுன் போனால் அப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். தேசிய உணவு பறக்கும் மீனும் கூக்கூவும். இந்தப் பறக்கும் மீன் அவர்களுடைய ஒரு டாலர் காசிலேயே இருக்கிறது. அதைப் பிடிக்கும் உரிமைக்காக டிரினிடாடோடு சர்வதேச நடுவர் மன்றம் வரை போனார்கள், 2006இல் தீர்ப்பு வந்தது. கூக்கூ என்பது மக்காச்சோள மாவை வெண்டைக்காய் வெந்த நீரில் துழாவிக் கிண்டியது. நம் களி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும்.

உங்கள் மனைவிக்கு ரிசார்ட்டில் பட்டினி இருக்காது, அலுப்புதான் இருக்கும். வெளியே மக்ரோனி பை எங்கும் கிடைக்கும். துவரை போட்ட சோறும் கிடைக்கும், ஆனால் அதில் வாசனைக்கு உப்புப் பன்றிவால் போடும் வழக்கம் உண்டு; கேட்காமல் வாங்க வேண்டாம். ராஸ்தஃபாரி சமயத்தைப் பின்பற்றுகிறவர்கள் நடத்தும் 'ஐட்டல்' உணவுக் கடைகளில் இறைச்சி கிடையாது, பலர் உப்பும் சேர்ப்பதில்லை. உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்து மடித்த ரொட்டி சுலபமாகக் கிடைக்கும். ஈரப்பலாவைச் சுட்டும், வறுத்தும், மசித்தும் தருவார்கள். 'கோல்டன் ஆப்பிள்' என்று விற்பது நம் அம்பரெல்லா. புளியைச் சர்க்கரையில் உருட்டிய உருண்டை கடைகளில் கிடைக்கும், பையில் நாலு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் கடுகும் ஸ்காட்ச் பானட் மிளகாயும் அரைத்த மஞ்சள் நிறச் சாறு மேசைக்கு மேசை இருக்கும். அதைச் சாதாரணமாக நினைத்து ஊற்றிவிடாதீர்கள்.

கோயில், நம்மவர்கள் பற்றிய கேள்விக்குப் பதில் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். கரீபியன் என்றாலே கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். டிரினிடாட், கயானா ஆகிய இடங்களுக்கு அது பொருந்தும். பார்படாஸில் நிலம் முழுக்க ஏற்கெனவே தோட்டமாக இருந்தது, விடுதலையான மக்களுக்குப் போக வேறு இடம் இல்லை. ஆள் பஞ்சமே இல்லாததால் முதலாளிகள் இந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவரவில்லை. இங்குள்ள இந்தியர்கள் 20ஆம் நூற்றாண்டில் துணி மூட்டையோடு வீடு வீடாக விற்க வந்த வங்காளிகள், குஜராத்தி முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்; அப்புறம் சிந்தி வணிகர்கள், கயானாக்காரர்கள். தமிழ் அடையாளம் தேடினால் குவாதலூப்புக்கோ மார்த்தினிக்குக்கோ போக வேண்டும். 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே மாரியம்மனுக்கு இன்றும் பூசை போடுகிறார்கள். அது தனிப் பயணம், இந்த ஏழு நாளில் திணிக்க வேண்டாம்.

ஓட்டல் விற்கும் தீவுச் சுற்றுக்கு நான் காசு கட்டமாட்டேன். ஒரே நாளில் எட்டு இடம், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம், நடுவில் இரண்டு நினைவுப்பொருள் கடை. ஐந்து பேருக்கு ஆகும் தொகைக்கு ஓட்டுநரோடு ஒரு டாக்சியை நாள் முழுக்க அமர்த்திவிடலாம். கிளம்பும் முன் தொகையைப் பேசி முடியுங்கள். பேசும்போது 'பார்படாஸ் டாலரா, அமெரிக்க டாலரா' என்றும் கேட்க வேண்டும். இரண்டு பார்படாஸ் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர் என்று 1975 முதல் மாறாத விகிதம். வெறுமனே 'டாலர்' என்றால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். நீங்களே ஓட்டுவதென்றால் வண்டி இடது பக்கம், சாலைகள் குறுகல், கரும்புக்காட்டு வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. வாடகை வண்டி எண் 'எச்' எழுத்தில் தொடங்குவதால் வெளியூர்க்காரர் என்று எல்லோருக்கும் தெரியும், பொறுமையாகவே வழி விடுவார்கள்.

பிரிட்ஜ்டவுனுக்கு மட்டும் பஸ்ஸிலேயே போங்கள். ஹோல்டவுன் வழியாகத்தான் மேற்குக் கரைப் பஸ் எல்லாம் போகின்றன. நிறுத்தப் பலகையில் 'நகரத்துக்கு', 'நகரத்திலிருந்து' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், குழப்பமே இல்லை. எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், மூன்றரை பார்படாஸ் டாலர். நீல நிறம் அரசுப் பஸ், சில்லறை தரமாட்டார்கள். மஞ்சள் நிறத் தனியார் மினிபஸ்ஸில் பாட்டு அலறும். வெள்ளை வேன்களை 'ஸெட்ஆர்' என்பார்கள். பதினான்கு பேர் இடத்தில் இருபது பேரை அடைத்துப் பறக்கும். அப்பாவை அதில் ஏற்ற வேண்டாம். ஏறியதும், கடைக்குள் நுழைந்ததும், வழி கேட்குமுன்னும் முதலில் 'குட் மார்னிங்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிறவர்களை அங்கே மரியாதை தெரியாதவர்களாகவே நினைப்பார்கள்.

பிள்ளைகளுக்காக ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மேற்குக் கடற்கரைகளில் மான்சினீல் என்ற மரம் நிற்கும். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம், இனிப்பு வாசனை. பழம், பால், இலை எல்லாமே விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே சொட்டும் நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், சிலவற்றில் அது அழிந்திருக்கும். கடற்கரையில் கிடக்கும் எந்தப் பழத்தையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

கடற்கரைகள் எல்லாமே பொது. உங்கள் ரிசார்ட்டின் முன்னால் உள்ள மணலில் உள்ளூர்க்காரர்களும் நடப்பார்கள், நீங்களும் பக்கத்து ஐந்து நட்சத்திர ஓட்டலின் முன்னால் தாராளமாகக் குளிக்கலாம். சாய்வு நாற்காலி மட்டும்தான் அவர்களுடையது. மாலையில் நடக்கும்போது தெருவில் நீளமான பலகையை வலை மாதிரி நிறுத்தி மரமட்டையால் பந்தடிப்பவர்களைப் பார்த்தால், அது ரோடு டென்னிஸ், இந்தத் தீவிலேயே பிறந்த ஆட்டம். பெரியவன் கேட்டால் ஒரு கை ஆட விடுவார்கள்.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியவை. ராணுவப் பச்சைப் புள்ளித் துணி எதுவும் வேண்டாம். தொப்பி, பை, குழந்தைச் சட்டை உட்பட எல்லாமே அங்கே சட்டப்படி தடை. மின்சாரச் செருகி கனடாவில் உள்ளதே, மாற்றி தேவையில்லை. நீச்சலுடையோடு நகரத்துக்குள் போகக் கூடாது என்பதால் மேலே போட்டுக்கொள்ள ஏதாவது எடுத்துவையுங்கள். குடியேற்றப் படிவத்தைக் கிளம்பும் முன்பே இணையத்தில் நிரப்பிவிடலாம். அப்பா இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறார் என்றால், பார்படாஸ் அவரிடம் விசா கேட்காது. ஆனால் கனடாவுக்குத் திரும்பி நுழைய அவருடைய விசாவின் காலம் போதுமா என்பதை டிக்கெட் போடுமுன் பார்த்துவிடுங்கள். அமெரிக்கா வழியாக மலிவு டிக்கெட் கிடைத்தால் அவருக்கு அமெரிக்க விசாவும் தேவைப்படும், ஆகவே நேர் விமானமே நல்லது. சுமார் ஐந்து மணி நேரம்தான்.